நகரம் போடும் கணக்கில் நம் பங்கு என்ன?

"நகரத்துக்குத் திட்டம் போடுகிறார்களாம், நமக்கென்ன வந்தது?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். மூத்த மகனுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. மகள் நீலாயில் வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கிறாள். சித்தப்பா குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய் ஷா ஆலாமிலோ கிள்ளானிலோ குடியேறி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பாதி உயிர் தோட்டத்திலும் பாதி உயிர் பட்டணத்திலுமாக வாழ்கிற நமக்குப் பட்டணத்துத் திட்டம் அயல் வீட்டுச் சங்கதி அல்ல.

இன்று உலகெங்கும் பெரிய நகரங்கள் ஒரு புதுவகைத் திட்டத்தைத் தீட்டி வருகின்றன. பருவநிலைச் செயல்திட்டம் என்று அதற்குப் பெயர். பூமி சூடேறி வருகிறது. சூடேற்றும் வாயுக்களில் பெரும்பங்கு நகரங்களின் மின்சாரத்தாலும் வண்டிகளாலும் குப்பையாலும் உண்டாகிறது. ஆகவே ஒவ்வொரு நகரமும் தன் புகையைக் கணக்கெடுத்து, இன்ன ஆண்டுக்குள் இவ்வளவு குறைப்பேன் என்று எழுதி வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2050-ஆம் ஆண்டைக் குறியாக வைத்து அப்படி ஒரு திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. நம் நாடும், உற்பத்தியாகும் ஒவ்வொரு வெள்ளிப் பொருளுக்கும் வெளியாகும் வாயுவின் அளவை 2030-க்குள், 2005-இல் இருந்ததைவிட 45 விழுக்காடு குறைப்பதாக உலக அரங்கில் வாக்களித்திருக்கிறது. 2020 ஜனவரியில் மாநகரமாக உயர்ந்த நம் சிரம்பானும் இந்தப் பாதையில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

நல்ல காரியம்தானே என்பீர்கள். நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறோம். மாதம் முழுவதும் வேலை கிடைத்தவருக்கும், மழையால் பாதி நாள் கூலி இழந்தவருக்கும், கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் அம்மாவுக்கும் ஒரே தொகை என்றால் நியாயமா? கோவில் கமிட்டியில் அதைப் பேசி, வாதாடி, சில சமயம் சண்டை போட்டுத்தானே முடிவு செய்கிறோம்! நகரத்துப் புகையைக் குறைக்கிற காரியத்திலும் கேள்வி அதேதான். சுமையை யார் எவ்வளவு தூக்குவது? அதை எந்தக் கமிட்டியில், யாரை வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்கிறார்கள்?

புகையை எப்படி எண்ணுகிறார்கள்?

கண்ணுக்குத் தெரியாத வாயுவை எப்படி எண்ண முடியும் என்ற சந்தேகம் எழலாம். வாயுவை யாரும் மூட்டை கட்டி நிறுப்பதில்லை. எரித்த பொருளை அளந்து வாயுவைக் கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். நம் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டரில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். தனி ஆளாக ஒருவர் ஓட்டிச் செல்லும் கார் அதே லிட்டரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். தொழிற்சாலை பஸ்ஸில் நாற்பது பேர் போகும்போது தலைக்கு விழும் பங்கு மிகவும் சொற்பம்.

மின்சாரக் கணக்கும் இப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து மின்சாரம் எடுப்பதே இதற்குக் காரணம். லயத்து வீட்டுக் கூரையில் சுற்றும் காற்றாடி 60, 70 வாட் இழுக்கும். ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் ஓடும்போது பத்துக் காற்றாடிக்கு மேல் இழுக்கும். பட்டணத்துக் கடைத்தொகுதிகளில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஏர்கோன் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது கணக்கு குப்பை. இதை விளக்க ஆசிரியர் எவரும் தேவையில்லை. செம்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மேல் கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருக்கும். காற்றுப் படாமல் அழுகும் எந்தப் பொருளிலிருந்தும் வெளிவரும் மெத்தேன் வாயுதான் அது. கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் சூடேற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. நகரத்துச் சமையலறைகளின் சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பை மேட்டில் புதையும்போது அங்கேயும் அதே மெத்தேன்தான். ஆலைக் குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து எரித்தால் மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகள் அதற்கு வழி செய்ய வேண்டும் என்று நம் நாட்டில் விதி வந்தது.

இப்போது இந்த மூன்று கணக்கையும் வைத்துப் பாருங்கள். இரண்டு காற்றாடி, ஒரு கப்சாய், வாரத்துக்கு ஒரு பை குப்பை என்று வாழும் குடும்பம் நகரத்தின் புகைக்கணக்கில் எத்தனையாவது வரியில் வரும்? கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் வரும். ஆனால் வெள்ளமும் வெப்பமும் வரும்போது முதல் பக்கத்து முதல் வரியில் நிற்பதும் அதே குடும்பம்தான்.

சென்னையில் நடந்த கதை

நம் முன்னோர் பலர் கப்பலேறிய துறைமுகமான சென்னையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நமக்கு அதில் படிக்க வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது.

426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வட்டங்களும் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சி, சி40 எனப்படும் உலக நகரங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து ஒரு பருவநிலைச் செயல்திட்டத்தைத் தயாரித்தது. 2018-19-இல் அந்த நகரம் வெளியிட்ட வாயு ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் டன் என்று அதில் கணக்கிட்டார்கள். அதில் பத்தில் ஏழு பங்கு மின்சாரமும் எரிபொருளும் கட்டடங்களில் செலவாவதால் வந்தது. மிச்சம் வண்டிகளாலும் குப்பையாலும் வந்தது. இந்தியா முழுவதும் 2070-க்குள் சமநிலையை எட்டுவதாக 2021-இல் பிரதமர் மோடி அறிவித்திருக்க, சென்னை இருபது ஆண்டு முந்தி 2050-க்கே எட்டுவதாக எழுதிக்கொண்டது. மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும், நலிந்த மக்களும் உடல்நலமும் என்று ஆறு தலைப்புகள். ஆறாவது தலைப்பை எண்ணி நாம் மகிழலாம். ஏழைகளுக்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2022 செப்டம்பரில் அந்த வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டபோது அது எந்த மொழியில் இருந்தது தெரியுமா? ஆங்கிலத்தில்! கூவம் கரையில் குடிசை போட்டவரும், எண்ணூரில் வலை வீசுபவரும், பெசன்ட் நகர் மாளிகையில் பாத்திரம் கழுவுபவரும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய ஏடு ஆங்கிலத்தில் வந்தது. தமிழ்நாட்டின் தலைநகரில் இப்படி! சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் மக்கள் அமைப்பினரும் குரல் எழுப்பினார்கள். தமிழில் வேண்டும், படிக்க அவகாசமும் வேண்டும் என்றார்கள். அதன் பிறகே தமிழ் வடிவம் வந்தது, கெடுவும் நீட்டிக்கப்பட்டது. இறுதித் திட்டம் 2023 ஜூனில் வெளியிடப்பட்டது.

மொழிபெயர்ப்பு ஒரு சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வகுப்பில் கேள்வித்தாளை மாணவனுக்குப் புரியாத மொழியில் கொடுத்துவிட்டு, "ஒருவனும் பதில் எழுதவில்லை, ஆகவே எல்லாருக்கும் சம்மதம்" என்று முடிவு செய்வது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

தமிழில் படித்திருந்தால் அவர்கள் என்ன கேட்டிருப்பார்கள்? வீட்டைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த ஏழைகளை அரசு பல ஆண்டுகளாக நகரின் தென்கோடிக்கு அனுப்பி வருகிறது. 2000-க்குப் பின் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அடுத்துப் பெரும்பாக்கம் என்று வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, கரையோரம் ஆபத்து என்று சொல்லி இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏற்றி அனுப்பினார்கள். ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பூமி. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் மழைக்காலத்தில் தாமே தண்ணீரில் நிற்கும் இடங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அழைத்துப் போய் வெள்ளத்திலேயே இறக்கிவிட்டால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்திய சென்னையில் இருந்தபோது வீட்டு வேலைக்கும் சந்தை வேலைக்கும் நடந்தே போனவர்கள், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கி வைக்கப்பட்ட பிறகு பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கடன் வாங்கிய மோட்டார் சைக்கிளிலும் ஏறி இறங்க வேண்டியதாயிற்று. நடந்து போனவரின் புகை பூஜ்யம். அவரை வண்டியேற்றியது யார்? ஏழையை ஊருக்கு வெளியே தள்ளினால் அநியாயமும் கூடுகிறது, புகையும் கூடுகிறது. இந்த விஷயத்தில் நியாயமும் விஞ்ஞானமும் ஒரே பக்கம் நிற்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எண்ணூர் கதை வேறு. வடசென்னைக் கடலோரத்தில் நிலக்கரி மின்நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மின்சாரம் கம்பி வழியே போய்விடுகிறது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் தங்கிவிட்டது. மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் அந்தச் சாம்பலோடு போராடி வருகின்றன.

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது நேர்மையல்ல. நல்ல உதாரணமும் அதே ஊரில் உண்டு. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இன்றிப் பயணம் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. விடியல் பயணம் என்று அதற்குப் பிறகு பெயர் வந்தது. பருவநிலைக்காக அதைச் செய்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஆள் ஏறினால் புகை குறையும், வீட்டுவேலை செய்யும் பெண்ணின் கையிலும் மாதக் கடைசியில் நாலு காசு மிஞ்சும். 2025 ஜூனில் சென்னையில் 120 மின்சாரப் பஸ்களும் ஓடத் தொடங்கின. ஏழைக்கு முதலில் பயன் போய்ச் சேரும்படி புகையைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

அகமதாபாத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். 2010 மே மாதக் கடும் வெயிலில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்கத்துக்கு மிஞ்சி இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு நகரத் திட்டம் போட்டார்கள். எச்சரிக்கை கொடுப்பது, ஆஸ்பத்திரிகளைத் தயாராக வைப்பது ஆகியவற்றோடு, பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையும் நடந்தது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். மத்தியான வெயிலில் துத்தநாகக் கூரை வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரிய செலவும் இல்லை.

மஞ்சள் சட்டைக்காரர்கள்

நியாயத்தை மறந்தால் நல்ல திட்டமும் கவிழும் என்பதற்குப் பிரான்சு நாட்டைப் பாருங்கள். 2018-இல் அங்கே அரசாங்கம் பருவநிலையைக் காரணம் காட்டி எரிபொருள் வரியை உயர்த்தப் பார்த்தது. பாரிஸ் நகரத்தில் இருப்பவருக்குத் தரைக்கடியில் ரயில் ஓடுகிறது, அவர் கவலைப்படவில்லை. பஸ்ஸே வராத சிற்றூரில் இருந்து கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர் கொதித்து எழுந்தார். சாலை விபத்தின்போது அணியும் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த ஆண்டு நவம்பரில் நாடெங்கும் சாலைகளை மறித்தார்கள். டிசம்பரில் அரசு அந்த வரி உயர்வைக் கைவிட்டது. அவர்கள் பூமி சூடேறட்டும் என்று சொல்லவில்லை. வேறு வழி கொடுக்காமல் எங்களை மட்டும் ஏன் தண்டிக்கிறாய் என்றார்கள்.

நம் நாட்டில் 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது நினைவிருக்கும். உதவித்தொகை மிச்சப்படுத்தவும் கடத்தலைத் தடுக்கவும் செய்தது அது, பருவநிலைக்காக அல்ல. ஆனால் அதோடு கூடவே, தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 வெள்ளி கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். சுமையை ஏற்றும்போதே யார் முதுகு வலுவற்றது என்று பார்ப்பது நல்ல வழக்கம். அந்தப் பணம் கைக்கு வர மனு போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

நம் வாசலில் என்ன இருக்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். ரெம்பாவுக்கு அடுத்த மாவட்டம் போர்ட்டிக்சன். எண்ணூருக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஜிமா கடற்கரையில் நிலக்கரி மின்நிலையங்கள் இருக்கின்றன. 2019-இல் சேர்ந்தது மட்டும் 2,000 மெகாவாட். அந்த மின்சாரம் தீபகற்பம் முழுவதற்கும் கம்பியில் போகிறது. சிரம்பான் வட்டாரத்துக் குப்பையும் அதே போர்ட்டிக்சன் மாவட்டத்துக்குத்தான் போகிறது. கொட்டும் இடத்தின் பெயர் லாடாங் தானா மேரா. பெயரிலேயே தோட்டம் இருக்கிறது பாருங்கள்! குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் அங்கே எழுப்பப்பட்டது. புதைத்து மெத்தேன் விடுவதைவிட அது மேல் என்பார்கள், சரிதான். ஆனால் நகரம் தன் சமையலறைக் கழிவைப் பிரித்துப் போட்டால் ஏற்றி அனுப்ப வேண்டிய பாரமே குறையும். நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை தாமான்களில் பிரிக்கிறார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

குப்பை ஆலை வேண்டாம் என்று மக்கள் கூடித் தடுத்த கதையும் பக்கத்திலேயே உண்டு. கோலாலம்பூர் வட்டாரத்துக் குப்பையை எரிக்கும் ஆலையை முதலில் பூச்சோங்கில் கட்ட நினைத்தார்கள். அங்கே எதிர்ப்பு வலுக்கவே, நம் மாநில எல்லையில் உள்ள புரோகாவுக்கு மாற்றினார்கள். புரோகா மக்கள் கூட்டம் போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். 2007-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கேள்வி மட்டும் என் மனத்தில் நிற்கிறது. பூச்சோங்கும் புரோகாவும் பேசத் தெரிந்த ஊர்கள். பேசத் தெரியாத ஊராக இருந்திருந்தால்?

வெள்ளத்துக்கும் வருவோம். 2021 டிசம்பர் 18 அன்று பெய்த பேய்மழையில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறக்க முடியுமா? கிள்ளான் ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலம். தோட்டங்களை விட்டுப் போன நம்மவர் குடும்பங்கள் பல அங்கே உண்டு. கூரை மேல் ஏறி, உதவிக்குக் காத்திருந்து இரவைக் கழித்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம் மாநிலமும் தப்பவில்லை. 610 கோடி வெள்ளி நட்டம் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. விலை மலிவாக இருந்ததால்தான் நம்மவர் தாழ்ந்த நிலத்தில் வீடு வாங்கினார்கள். தாழ்ந்த நிலமாக இருந்ததால்தான் விலை மலிவாக இருந்தது. சென்னைப் பெரும்பாக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே அரசு ஏற்றி அனுப்பியது, இங்கே விலைப்பட்டியல் ஏற்றி அனுப்பியது.

இனி வரப்போவதையும் யோசியுங்கள். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் ஒன்றரை லட்சம் ஹெக்டாருக்கும் மேற்பட்ட பரப்பை உள்ளடக்கி, மலேசிய விஷன் வேலி 2.0 என்ற வளர்ச்சித் திட்டம் 2018-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் கணிசமான நிலம் தோட்ட நிலம். ஆக, தோட்டம் இருந்த இடத்தில் நகரம் எழும்பப் போகிறது. பசுமை நகரம், புகை குறைந்த நகரம் என்று விளம்பரப் பலகையில் எழுதுவார்கள். அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக வேர்வை சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த நகரத்தில் வீடு எங்கே? நடந்து போகும் தூரத்திலா, மூன்று மலை தாண்டியா? தூரத்தில் என்றால் பஸ் உண்டா? தொழிலாளியின் வீட்டை வேலையிடத்துக்கு அருகில் வைப்பதைவிடப் பெரிய புகைக்குறைப்பு வேறு இல்லை என்று பெரும்பாக்கம் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ரெம்பாவில் மின்சார ரயில் நிற்கிறது. கோமுட்டரில் ஏறினால் சிரம்பான், காஜாங், கோலாலம்பூர் வரை போகலாம். புகை குறைந்த பயணம், கட்டணமும் அதிகமில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து ஸ்டேஷன் வரை போவது எப்படி? பல தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஸ்டேஷன் எட்டாத தூரம்தான். கோலாலம்பூர்வாசிக்கு மாதம் 50 வெள்ளிக்கு ரயிலும் பஸ்ஸும் ஏறி இறங்க மை50 என்ற பாஸ் உண்டு. செம்போங்குக்கும் பெடாஸுக்கும் அப்பால் உள்ள தோட்டத்துக்கு வேன் ஒன்று காலையும் மாலையும் வந்து போனால், எத்தனை மோட்டார் சைக்கிள் வீட்டில் நிற்கும்! தோட்டம் தனியார் நிலம், ஆகவே மன்றத்துச் சேவை பொதுவாக கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. புகைக்கு மட்டும் கேட் தெரிவதில்லை.

எங்கே போய்ச் சொல்வது?

பருவநிலைத் திட்டத்தைப் பற்றி உங்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் மன்றங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். குடியிருப்பு எங்கே, குப்பை எங்கே, சாலை எங்கே, ஆற்றோரத்தை என்ன செய்வது என்பதெல்லாம் உண்மையில் எழுதப்படுவது வேறு ஓர் ஏட்டில். அதற்கு ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்று பெயர். 1976-ஆம் ஆண்டின் ஊர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அப்படி ஒரு திட்டம் தீட்டப்படுகிறது. அந்தச் சட்டம் பொதுமக்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வரைவுத் திட்டம் தயாரானதும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், நான்கு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து எழுத்து மூலமான ஆட்சேபங்களைப் பெற வேண்டும். நேரில் பேச விரும்புகிறேன் என்று ஆட்சேபத்திலேயே எழுதிக் கேட்டால், அதற்கென்று அமைக்கும் குழு உங்களை அழைத்துக் கேட்க வேண்டும். வக்கீல் தேவையில்லை. நில உரிமையாளராக இருக்க வேண்டியதும் இல்லை.

நம்மவர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த நான்கு வாரத்தைத்தான். அறிவிப்பு மலாய் நாளிதழின் உள்பக்கத்தில் வந்து போய்விடும், வரைபடம் மன்றத்துக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் நில வியாபாரிகளும் காண்டிராக்டர்களும். ஆகவே கோவில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, யாராவது ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரெம்பாவ் மாவட்ட மன்றத்தில் ஏறி, "எந்த வரைவாவது பார்வைக்கு வருகிறதா?" என்று விசாரித்து வருவது நல்லது. சிரம்பானில் இருக்கும் பிள்ளைகள் மாநகர மன்றத்தில் கேட்கலாம்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். நான்காம் படிவம் படிக்கும் பிள்ளை அழகாக எழுதித் தரும். ஒரு பக்கம் போதும். மேலே உங்கள் பெயர், அடையாள அட்டை எண், முகவரி. பிறகு எந்த வரைபடத்தில் எந்த இடம் என்பதைக் குறிப்பிட்டு, எது நடந்தால் உங்கள் குடும்பத்துக்கு என்ன பாதிப்பு என்று எழுதுங்கள். "எங்கள் லயத்திலிருந்து பஸ் நிற்குமிடம் இத்தனை கிலோமீட்டர்", "2021 வெள்ளத்தில் தண்ணீர் இந்தப் பாலம் வரை ஏறியது", "புது வீடுகள் கட்டும் இடம் அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது" என்று கண்ணால் கண்டதை அளவோடு எழுதினால் அதிகாரிகளால் தள்ளிவிட முடியாது. உணர்ச்சியாக இரண்டு பக்கம் எழுதுவதைவிட வீட்டில் எடுத்த ஒரு வெள்ளப் படம் அதிகம் பேசும். கடைசி வரியில் நேரில் பேச விரும்புகிறேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் மன்றத்தின் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வந்து பத்திரப்படுத்துங்கள்.